ஆன்டிவைரஸ் இருக்கு, பார்க்க ஆளு உண்டா?

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்கு நான் வந்தது 1990-களின் நடுவில். வியாபார இடங்களுக்கு ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும், போட்டதைப் பராமரிப்பதும்தான் அன்றிலிருந்து என் பிழைப்பில் பெரும்பகுதி. கோட்டாறு மொத்தக் கடைகள், மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலைகள், குலசேகரம் ரப்பர் வியாபாரிகள், குளச்சல் மீன் கம்பெனிகள், ஆடிட்டர் அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள் என்று எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி நல்லது?" இதற்கான பதில் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாறாத கேள்வி ஒன்று உண்டு. போட்ட பிறகு அதை யார் பார்க்கப் போகிறார்கள்? என் அனுபவத்தில் வியாபாரங்களைக் காப்பாற்றியதும் கவிழ்த்ததும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான்.

தொடக்க காலத்தில் வைரஸ் பெரும்பாலும் பிளாப்பியில்தான் வந்தது. 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெயின் தொடங்கி வைத்த வம்சம் அது. டிஸ்கின் பூட் செக்டாரில் உட்கார்ந்துகொண்டு மெஷின் ஆன் ஆகும்போதே வேலையை ஆரம்பித்துவிடும். கேம் பிளாப்பியில் வரும், டைப்பிங் சென்டரிலிருந்து வரும், சர்வீஸ் ஆட்களின் பையிலிருந்தும் வரும். பிளாப்பியின் மூலையில் இருக்கும் சின்னத் தடுப்பைத் தள்ளி, எழுத முடியாதபடி செய்துவிட்டுத்தான் அடுத்தவர் மெஷினில் போட வேண்டும் என்பது நாங்கள் படித்த முதல் ஒழுங்கு. மருந்தும் பிளாப்பியிலேயே வந்தது. சென்னையிலிருந்து கேசவர்தனனின் கே7 வந்தது. புணேயில் பழுதுபார்ப்புக் கடை நடத்திய கைலாஷ் காட்கரும் அவர் தம்பி சஞ்சயும் உருவாக்கிய குவிக் ஹீல் வந்தது. சர்வீஸ் மேஜையில் பிறந்த சரக்கு என்பதால், சின்ன ஊர்களில் எங்களைப் போன்றவர்கள் படும் பாடு அதற்குத் தெரிந்திருந்தது.

வைரஸ் என்றால் திரையில் எழுத்து கொட்டும், பந்து குதிக்கும் என்று நினைத்திருந்த எங்கள் ஊர் வியாபாரிகளை உலுக்கியது 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் பல மாதங்களாகச் சத்தமில்லாமல் மெஷின்களில் இருந்துவிட்டு, செர்னோபில் விபத்தின் நினைவு நாளில் வெடித்தது. ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. சில மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பிலேயே கைவைத்தது. கடை திறந்து சுவிட்ச் போட்டால் திரை கறுப்பு. ஆசிய நாடுகளில் சேதம் பெரிது. மார்ச் கணக்கு முடித்த கையோடு இந்த அடி. கோட்டாற்றில் ஒரு பலசரக்கு மொத்த வியாபாரி, "மக்களே, மெஷின் போனா போட்டும். என் கணக்கு எங்கடே?" என்று கேட்டார். அவர் தப்பியது அச்சடித்துப் பைண்டு செய்து வைத்திருந்த பேரேட்டால். வைரஸைப் பிடிக்கும் வேலையும் கணக்கைக் காப்பாற்றும் வேலையும் வேறு வேறு என்று அன்று எனக்குத் தெளிந்தது. இன்று வரை ஒரு நிறுவனத்துக்குள் போனால் பேக்கப்பைப் பார்த்த பிறகுதான் ஆன்டிவைரஸைப் பார்ப்பேன்.

2000-க்குப் பிறகு இணையம் வந்தது, டயல்-அப்பில். புது வைரஸ்களின் அடையாளப் பட்டியலை இறக்க டெலிபோன் லைனை நெடுநேரம் பிடித்துவைக்க வேண்டும். கடைக்கு வரும் ஆர்டர் போன் நின்றுபோகும் என்று முதலாளிகள் அப்டேட்டை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் நாங்கள் வாரம் ஒருமுறை அப்டேட்டை சி.டி.யில் எழுதி வடசேரி, மீனாட்சிபுரம், செட்டிக்குளம் என்று பைக்கில் சுற்றிப் போட்டுக் கொடுத்தோம். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வந்தபோது அந்த முறையின் குறை தெரிந்தது. நெட்டில் இணைத்தால் போதும்; 60 விநாடியில் மெஷின் நிற்கப் போகிறது என்று ஒரு பெட்டி தோன்றி எண்ண ஆரம்பித்துவிடும். அது நுழையும் ஓட்டையை அடைக்க வேண்டிய விண்டோஸ் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. ஆன்டிவைரஸ் மட்டும் புதிதாக இருந்து விண்டோஸ் பழையதாக இருந்தால் பலனில்லை. மருந்துக்குப் பணம் கொடுத்தவர்கள் திருத்தத்துக்கு நேரம் கொடுக்கவில்லை.

2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்த பிறகு அப்டேட் தானாக இறங்கியது. பிரச்சினை வேறு இடத்துக்கு நகர்ந்தது. வேலை கெடாமல் இருக்க, முழு ஸ்கேனை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வைப்பது வழக்கம். 2008 தொடங்கிச் சில வருடங்கள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு பல இடங்களில் அதே நேரத்தில் வந்தது. யு.பி.எஸ். சில நிமிடம் தாங்கும், பிறகு மெஷின் அணையும். ஸ்கேன் பாதியில் நிற்கும், மறுநாளும் அப்படியே. மாதக் கணக்கில் முழு ஸ்கேன் ஒன்றுகூட முடியாத மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன். மென்பொருளில் குறை இல்லை, அமைப்பிலும் குறை இல்லை. அந்த ஊர் கரண்டு எப்போது போகும் என்று அறிந்து நேரத்தை மாற்றிவைக்க ஓர் ஆள் இல்லாததுதான் குறை. சென்னையிலோ புணேயிலோ இருந்துகொண்டு இதை யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

அதே காலத்தில்தான் பென் டிரைவ் வந்தது. போட்டோ ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடை, கல்லூரி லேப், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ் எல்லாம் ஒரே சங்கிலியாக இணைந்தன. ஃபோல்டர் மாதிரியே தோற்றம் காட்டும் நியூ ஃபோல்டர் வைரஸைத் தெரியாத மாணவரே கிடையாது. 2008 நவம்பரில் கான்ஃபிக்கர் வந்தபோது வேலை கடுமையானது. பென் டிரைவில் பரவும், நெட்வொர்க்கில் எளிய பாஸ்வேர்டை ஊகித்துப் பரவும், ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் இணையதளங்களைத் திறக்கவிடாது. மற்ற தளம் எல்லாம் திறந்து அவை மட்டும் திறக்காவிட்டால் அது கான்ஃபிக்கர்தான் என்று முடிவு செய்யலாம். ஒரு கல்லூரி லேபில் ஒவ்வொரு மெஷினாகச் சுத்தம் செய்துகொண்டு கடைசி வரிசைக்குப் போவதற்குள் முதல் வரிசை மறுபடி பிடித்துவிட்டது. கடைசியில் நெட்வொர்க் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுத்தான் முடித்தோம். தனித்தனி மெஷினுக்குத் தனித்தனி சி.டி. வாங்கும் காலம் அன்றோடு முடிந்தது. எல்லா மெஷினையும் ஓர் இடத்திலிருந்து பார்க்கவும், ஒரே நேரத்தில் கட்டளை கொடுக்கவும் வேண்டும் என்ற தேவை அப்படித்தான் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது.

அந்தத் தேவைக்குக் கிடைத்தது கன்சோல். சர்வரில் ஒரு பக்கம் திறந்தால் எல்லா மெஷினும் வரிசையாகத் தெரியும். நல்லது என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு. முதலாளிகளுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் கன்சோலுக்குத் தெரிந்த மெஷின்தான் அதில் தெரியும். ஒரு முந்திரி ஆலையில் எல்லாம் பச்சையாக இருந்தும் வைரஸ் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தது. ஆலை முழுக்க நடந்து பார்த்தேன். லாரி எடை பார்க்கும் இடத்தில் ஒரு பழைய மெஷின். கேட்டில் வருகைப்பதிவுக் கருவிக்கு ஒன்று. மேலாளர் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த லேப்டாப் இன்னொன்று. மூன்றும் நெட்வொர்க்கில் இருந்தன, கன்சோலில் இல்லை. அன்றிலிருந்து எந்தப் பொருளை மதிப்பிடுவதற்கு முன்பும் கட்டடத்தைச் சுற்றி நடந்து எண்ணுவேன். நோட்டில் எழுதிய எண்ணிக்கையும் கன்சோலின் எண்ணிக்கையும் ஒத்துவராத வரை மேலே பேச மாட்டேன்.

பச்சைக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆபத்து விலக்குப் பட்டியல். பில்லிங் சாஃப்ட்வேரை ஆன்டிவைரஸ் தடுக்கும், அல்லது ஸ்லோ ஆக்கும். கவுன்டரில் கூட்டம் நிற்கும். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த பையன் அவசரத்தில் அந்த ஒரு ஃபைலுக்கு விலக்குக் கொடுப்பதற்குப் பதிலாக டி டிரைவ் முழுவதற்கும் கொடுத்துவிடுவான். நிறுவனத்தின் கணக்கெல்லாம் இருப்பது அந்த டி டிரைவில்தான். அதன் பிறகு ஸ்கேன் பழுதில்லாமல் ஓடும், ரிப்போர்ட் சுத்தமாக வரும், டி டிரைவை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பராமரிப்பு ஒப்பந்தம் என் கைக்கு மாறிவரும் இடங்களில் நான் முதலில் திறப்பது விலக்குப் பட்டியலைத்தான். அந்த நிறுவனத்தில் யார் யாருக்கு என்னென்ன அவசரம் வந்தது என்ற வரலாறே அதில் இருக்கும்.

அடுத்தது, லைசன்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்பது. சின்ன ஊர்களில் டீலரே தன் மெயில் ஐ.டி.யையும் தன் போன் நம்பரையும் கொடுத்துப் பதிவு செய்துவிடும் பழக்கம் உண்டு. ரெனியூவல் தன்னை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகச் சிலர் செய்கிறார்கள். முதலாளிக்கு மெயில் பார்க்கத் தெரியாது என்பதற்காகச் சிலர் செய்கிறார்கள். முடிவு ஒன்றுதான். கன்சோலின் சாவி நிறுவனத்தின் கையில் இருக்காது. டீலர் கடையை மூடிவிட்டால் அந்த லைசன்ஸை மீட்டெடுக்க வாரக் கணக்கில் அலைய வேண்டும். எந்தப் பொருளை வாங்கினாலும் முதன்மைக் கணக்கு நிறுவனத்தின் சொந்த மெயிலில் இருக்க வேண்டும், டீலருக்கு அதற்குக் கீழே ஒரு அனுமதி மட்டும் போதும். இதற்குச் சம்மதிக்காத டீலரிடம், அவர் எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும், வாங்க வேண்டாம்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வான்னாகிரை உலகத்தைப் பிடித்த நாள். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இங்கே ஆந்திரக் காவல்துறையின் கணினிகளிலும் அது நுழைந்தது. 300 டாலர் பிட்காயினில் கேட்டது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்திருந்தாலும், நிலைமையைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் அதற்கும் ஒரு திருத்தம் கொடுத்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் பையன்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனார்கள். லேப் கருவிகளோடும் ஸ்கேன் கருவிகளோடும் ஒட்டிக்கொண்டிருந்த எக்ஸ்பி மெஷின்கள்தான் பெரிய கவலை. அவற்றில் கை வைத்தால் வாரன்டி போய்விடும் என்பார்கள் கருவி விற்றவர்கள். மாற்ற முடியாத மெஷினை மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைப்பதுதான் வழி. இன்றும் அதே நிலைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய விண்டோஸ் மேல் விலை உயர்ந்த பாதுகாப்பை வாங்கிப் போடுகிறவர்கள் முதலில் அந்த விண்டோஸை என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும்.

வான்னாகிரை வந்த அதே 2017-ல், நவம்பர் 30 அன்று, ஒக்கி புயல். மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலுக்குப் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்த ஊரில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச மனம் வராத நாட்கள் அவை. கரண்டு திரும்பியதும் வேலை ஒரேயடியாக வந்தது. ஓட்டுக் கட்டடங்களில் மழை இறங்கி சர்வரும் அதன் பக்கத்தில் வைத்திருந்த பேக்கப் டிஸ்கும் சேர்ந்தே நனைந்திருந்த இடங்கள் உண்டு. இன்னொரு கட்டடத்திலோ முதலாளி வீட்டிலோ ஒரு பிரதி வைத்திருந்தவர்கள் அந்த வாரமே பில் போட ஆரம்பித்தார்கள். புயலுக்கும் ரான்சம்வேருக்கும் வேண்டிய தயாரிப்பு ஒன்றுதான்: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியிடத்தில்.

ரான்சம்வேர் எங்கள் மாவட்டத்து வியாபாரிகளை நேரடியாகத் தேடி வந்தது ஜி.எஸ்.டி.க்குப் பிறகு என்று சொல்வேன். 2017 ஜூலை 1 முதல் மாதாமாதம் தாக்கல், அவசரம். அக்கவுன்டன்ட் வீட்டிலிருந்தே கணக்கைப் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் வழி திறந்துவிட்டார்கள். 2020 லாக்டவுனில் அது இன்னும் பெருகியது. தக்கலையில் ஒரு ஹார்டுவேர் மொத்தக்கடை. கட்டண ஆன்டிவைரஸ், கன்சோல் எல்லாம் உண்டு. பாஸ்வேர்டு, கடைப் பெயரும் 123-ம். சனிக்கிழமை இரவு உள்ளே வந்தவன் அட்மினிஸ்ட்ரேட்டராகவே நுழைந்தான். ஆன்டிவைரஸை நிறுத்தினான், விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளை அழித்தான், டேலி கணக்கு ஃபோல்டரைப் பூட்டினான். எப்போதும் செருகியே இருந்த பேக்கப் டிஸ்கையும் பூட்டினான். திங்கட்கிழமை காலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஆன்டிவைரஸ் போட்டிருக்கேன்லா, பின்ன எப்படிடே உள்ள வந்தான்?" என்றார்.

கன்சோலைத் திறந்து பார்த்தோம். வாரக் கணக்கில் இரவெல்லாம் யாரோ பாஸ்வேர்டை முயற்சி செய்து பார்ப்பதாக அது எச்சரிக்கை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கைகள் போன மெயில் ஐ.டி., வேலையை விட்டு வளைகுடாவுக்குப் போய்விட்ட ஓர் ஊழியருடையது. மென்பொருள் தன் வேலையைச் செய்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்த பிரதியையும் காகித பில்களையும் வைத்து, பணம் கொடுக்காமல், கடையை மீட்டோம். பெரிய குளம் நிறையத் தண்ணீர் கிடந்தாலும் மடையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் கடைசி வயல் காயும். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்று அந்த முதலாளிக்கு நான் சொன்னதும் இவ்வளவுதான்: "அண்ணாச்சி, ஆன்டிவைரஸ் இருந்துது. பார்க்கதுக்கு ஆளு இல்ல."

இப்போது விற்கப்படுவது வெறும் ஆன்டிவைரஸ் கிடையாது, இ.டி.ஆர்., எம்.டி.ஆர். என்கிறார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். பழைய முறை, தெரிந்த வைரஸின் அடையாளத்தை வைத்துப் பிடிக்கும். புதிய முறை, மெஷினில் நடக்கும் செயலைப் பார்க்கும். வேர்டு ஃபைலைத் திறந்ததும் அது பவர்ஷெல்லை ஏன் அழைக்கிறது? ஒரே புரோகிராம் ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான ஃபைலை ஏன் மாற்றி எழுதுகிறது? பழைய பிரதிகளை அழிக்கும் கட்டளை ஏன் வந்தது? இவற்றைக் கவனித்து அந்த மெஷினை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கவும் அதால் முடியும். உண்மையிலேயே பெரிய முன்னேற்றம் இது. ஆனால் இது கேள்விகளைத்தான் எழுப்புகிறது. பதில் சொல்ல மனிதர் வேண்டும். எம்.டி.ஆர். என்றால் அந்த மனிதர்களையும் சேர்த்து விற்பது. ஆகவே வாங்கும்போது அந்த மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்? என் மெஷினைத் துண்டிக்க அவர்களுக்கு அனுமதி உண்டா, அல்லது மெயில் மட்டும்தான் அனுப்புவார்களா? போனில் எந்த மொழியில் பேசுவார்கள்? திங்கள்சந்தையில் பில் போடும் பெண்ணிடம் ஆங்கிலத்தில் பத்துக் கட்டளை சொன்னால் ஒன்றும் நடக்காது.

அந்த மனிதர்களிடம் நம் சாவி இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2021 ஜூலை 2-ல், அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்கு முன்பு, கசேயா என்ற நிறுவனத்தின் நிர்வாக மென்பொருள் வழியாக ரெவில் கும்பல் நுழைந்தது. கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் சேவை நிறுவனங்கள் பயன்படுத்திய மென்பொருள் அது. அவர்கள் வழியாக 1,500 வரையிலான வியாபாரங்கள் பாதிக்கப்பட்டன. ஸ்வீடனில் கூப் சூப்பர் மார்க்கெட்டின் சுமார் 800 கடைகள் மூடிக் கிடந்தன. நம் நாட்டில் 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்தபோது, அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஆகவே பராமரிப்புக்கு வருகிறவர் தன் கன்சோலுக்கு இரண்டாம் பூட்டாக ஓ.டி.பி. வைத்திருக்கிறாரா, வேலையை விட்டுப் போன பையனின் அனுமதியை அன்றே நீக்குகிறாரா என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட வாடிக்கையாளர்கள் எல்லாரையும் நான் மதிக்கிறேன்.

பாதுகாப்பு மென்பொருளே மெஷினை நிறுத்திய நாட்களும் உண்டு. 2010 ஏப்ரல் 21-ல் மெக்அஃபி அனுப்பிய ஓர் அப்டேட், எக்ஸ்பியின் முக்கியமான சிஸ்டம் ஃபைலையே வைரஸ் என்று எடுத்துவிட்டது. மெஷின்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதைச் சொல்லி ஆன்டிவைரஸே வேண்டாம் என்கிறவர்கள் உண்டு. நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் அப்டேட் போகக் கூடாது. முதலில் இரண்டு மூன்று மெஷின், சிக்கல் இல்லை என்றால் மற்றவை. இந்த வசதி கன்சோலில் இருக்கிறதா, எந்தெந்த வகை அப்டேட்டுக்கு இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஜெர்மனியின் ஏ.வி.-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ் போன்ற ஆய்வுக்கூடங்கள் வெளியிடும் முடிவுகளை நான் தவறாமல் படிக்கிறேன். பட்டியலில் தொடர்ந்து கீழே இருக்கும் பொருளைக் கழிக்க அவை உதவும். முன்னணியில் இருப்பவற்றுக்கிடையே வித்தியாசம் சின்னது. அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்வதைவிட நம் இடத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. சோதனைக் காலத்தைப் பெரும்பாலான கம்பெனிகள் தருகின்றன. நான் அதை ஆபீஸின் புது மெஷினில் போட மாட்டேன். இருப்பதிலேயே மெதுவான பில்லிங் மெஷினில் போடுவேன். ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ முந்தின மாலை, கவுன்டரில் கூட்டம் நெரியும் நேரத்தில் பில் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பேன். சாதாரண ஊழியரின் லாகினில் அதை நீக்க முடிகிறதா என்று முயற்சி செய்வேன். நெட் இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பேன்.

பிறகு ஐகார் என்ற சோதனைக் கோப்பைப் போடுவேன். 68 எழுத்து கொண்ட, யாருக்கும் தீங்கு செய்யாத கோப்பு அது. கிட்டத்தட்ட எல்லா ஆன்டிவைரஸ் கம்பெனிகளும் அதைப் பிடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது என் நோக்கம் கிடையாது. டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டிருக்கும் நாளில் அதைப் போட்டால் எச்சரிக்கை யாருடைய போனுக்கு வருகிறது, எத்தனை மணி நேரத்தில் யார் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். வான்னாகிரை வெள்ளிக்கிழமை வந்தது, கசேயா தாக்குதல் விடுமுறைக்குச் சற்று முன்பு வந்தது, தக்கலைக் கடைக்குச் சனி இரவு வந்தார்கள். விடுமுறையில் பதில் சொல்லாத சேவைக்கு வருடக் கட்டணம் கொடுப்பது வீண்.

சட்டமும் இப்போது நேரத்தைக் கேட்கிறது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி, தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சில குறைந்த விலை ஆன்டிவைரஸ் திட்டங்கள் சில வாரப் பதிவை மட்டுமே வைத்திருக்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி, நாட்டின் முதன்மை ஆஸ்பத்திரியே பல நாட்கள் சீட்டில் எழுதி நோயாளிகளைப் பார்த்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிகள் அதைப் பார்த்த பிறகுதான், சிஸ்டம் இல்லாமல் ஒரு நாள் எப்படி நடத்துவது என்று யோசிக்க ஆரம்பித்தன. எச்சரிக்கை வந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல் காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் வைத்தால் தேவைப்படும் நாளில் திறக்க முடியாது.

விலையைப் பற்றியும் ஒளிவில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு மெஷின் உள்ள கடைக்கு விலை உயர்ந்த எம்.டி.ஆர். தேவைப்படாது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை ஒழுங்காக அமைத்து, ஊழியர்களுக்கு அட்மின் அனுமதி கொடுக்காமல், கள்ளச் சாஃப்ட்வேரையும் கிராக்கையும் தொடாமல், ரவுட்டரில் வெளிவழியை அடைத்து, பேக்கப்பைக் கழற்றி வைத்தால் பெரும்பாலான ஆபத்து குறைந்துவிடும். நோயாளிகளின் விவரமோ, பிறர் பணமோ, ஏற்றுமதி ஆவணமோ கையாளுகிற இடத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் பார்க்கும் ஆளுக்குச் செலவு செய்யத் தயங்கக் கூடாது. இரண்டுக்கும் இடையில் இருப்பவர்கள், பொருளின் விலையில் மிச்சப்படுத்தி, அதை வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் ஒரு நல்ல சர்வீஸ்காரருக்குக் கொடுக்கலாம்.

எங்கள் மாவட்டத்து வியாபாரிகளிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ரெனியூவலுக்குக் காசோலை எழுதுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடையில் உள்ள மெஷின்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். கன்சோலின் சாவி யாரிடம் இருக்கிறது, எச்சரிக்கை எந்த மெயிலுக்குப் போகிறது என்று கேளுங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு பழைய பில்லைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதைக் காட்ட முடியாதவரிடம் எந்தக் கம்பெனியின் பெட்டியையும் வாங்காதீர்கள். காட்ட முடிந்தவர் கொண்டுவருவது எந்தக் கம்பெனியின் பெட்டியாக இருந்தாலும் பெரும்பாலும் அது போதும்.